மஞ்சள் காப்பும் கடைசி ஓவரும்

இதை எழுதுவதா வேண்டாமா என்று வருஷக்கணக்காக இழுத்தடித்துவிட்டேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். பேனா பிடித்த நேரத்தைவிடப் பந்து பிடித்த நேரம் பல மடங்கு அதிகம். அது ஒரு காரணம். தன் பெருமையைத் தானே எழுதினால் மாரியாத்தா சும்மா விடமாட்டாள் என்ற பயம் இன்னொரு காரணம். எழுத உட்காரும்போதெல்லாம் சாமி படத்தைப் பார்ப்பேன், மூடி வைத்துவிடுவேன். போன மாதம் ஹட்டனில், டென்னிஸ் பந்தில் ஆடுகிற ஒரு மென்பந்துக் கிரிக்கெட் போட்டியைப் பார்த்தேன். கடைசி ஓவரைப் போட ஒரு தங்கச்சியைக் கூப்பிட்டார்கள். பந்தை வாங்கும்போது அவள் கை நடுங்கியதைத் தூரத்தில் இருந்தே கண்டுகொண்டேன். அன்றைக்கு வீட்டுக்கு வந்து விளக்கேற்றி, "ஆத்தா, இனி எழுதுறேன், தப்பா எழுதினா தடுத்துரு" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். இதுவரை தடுக்கவில்லை.

தம்பிமார்களே, தங்கச்சிமார்களே, கடைசி ஓவர் போடப்போகிற உங்களுக்காகத்தான் இது. ஆரம்ப ஓவர் போடுகிறவனுக்கு அடி விழுந்தால் இன்னும் நேரம் இருக்கிறது என்பார்கள். நடு ஓவர்காரனை யாரும் ஞாபகம் வைப்பதில்லை. நம்மை மட்டும் ஊரே ஞாபகம் வைத்திருக்கும், பெரும்பாலும் திட்டுவதற்காக! பந்தை எப்படிப் பிடிப்பது, எப்படிச் சுழற்றுவது என்றெல்லாம் நான் சொல்லப்போவதில்லை. அதெல்லாம் இப்போது ஃபோனிலேயே வருகிறது. பந்து கைக்கு வந்து, கை காலெல்லாம் உதறுகிறபோது என்ன முடிவெடுப்பது என்பதை மட்டும் சொல்கிறேன்.

முதல் சங்கதி சிரிப்புக்கு. டயகம பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்து அணிக்கு முதல்முறையாகக் கடைசி ஓவர் போடப் போன அன்று, கோயிலில் வாங்கின திருநீற்றை மடித்துப் பைக்குள் வைத்திருந்தேன். என்னைக் கூப்பிட்டதும், சாமியே கையில் இருக்கட்டும் என்று அதை எடுத்து விரல் முழுக்கப் பூசிக்கொண்டேன். ஓடி வந்து போட்டேன். சாம்பல் பூசின விரலில் இருந்து பந்து வழுக்கி, தரையில் குத்தாமல் நேரே மட்டைக்காரனின் இடுப்புக்குப் போனது. அவன் அடித்த அடியில் பந்து தேயிலைக்குள் விழுந்து, தேடப் போன மூன்று பேர் கால் முழுக்க அட்டையோடு திரும்பி வந்தார்கள்.

எங்கள் கேப்டன் விக்கெட்டுக்குப் பின்னால் இருந்து ஓடி வந்தார். அவர்தான் கீப்பரும். தோட்டத்துக் கொழுந்து லொறியை ஓட்டுகிறவர். அவர் பெயரை இதில் எழுதக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருப்பதால் லொறி அண்ணன் என்றே எழுதுகிறேன். என் கையைப் பிடித்து முகர்ந்து பார்த்தார்.

"என்னடா இது, திருநீறு வாசம்?"

"சாமி காப்பாத்தும்னு பூசினேன் அண்ணே."

"அறிவுகெட்டவனே! நெத்தி எதுக்குடா இருக்கு? சாமிக்குப் பந்து போடத் தெரியாது, ஒனக்குத்தான் தெரியும். கையத் தொடை!"

கையைத் துடைத்தேன். அந்த ஆட்டத்தில் தோற்றோம். அன்றிலிருந்து திருநீறு நெற்றியோடு சரி. பக்தி குறையவில்லை, இடம் மாறியது, அவ்வளவுதான்.

இனி பெரிய சங்கதிக்கு வருகிறேன். இதைச் சொல்லும்போது இப்போதும் எனக்கு மயிர்க்கூச்செறிகிறது.

அப்போது நான் தேயிலை ஸ்டோரில், அதாவது தோட்டத்து ஃபேக்டரியில், கொழுந்து காயவைக்கிற அடுப்பில் வேலை செய்தேன். என் மனைவி புஷ்பா கொழுந்து எடுத்தாள். எங்களுக்கு ஒரே மகள், மதுமதி. நடை பழகி ஓடித் திரிகிற வயசு. அந்த வருஷம் பிள்ளைக்கு நெஞ்சில் சளி இறங்கி மூச்சுவிட முடியாமல் போய் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். நான் வார்டு வாசலில் நின்று, "ஆத்தா, புள்ளைய எந்திரிக்க வை, இந்தத் திருவிழாவுக்குக் காப்புக் கட்டித் தீ மிதிக்கிறேன்" என்று நேர்ந்துகொண்டேன். பிள்ளை எழுந்துவிட்டாள். வீட்டுக்கு அனுப்பும்போது டொக்டர் அம்மா ஒன்று சொன்னார்கள்: "இந்தக் குளிர்லயும் ஈரத்துலயும் அடுப்புப் புகையிலயும் வச்சிருந்தா இது திரும்பத் திரும்ப வரும். முடிஞ்சா வேற எடத்துக்குக் கூட்டிட்டுப் போங்க."

லயத்து வரிசை வீடுகளில் ஒரே அறையில் இருக்கிறவன் எங்கே கூட்டிக்கொண்டு போவேன்? யோசித்து யோசித்துத் தலை வெடிக்கும்போதுதான் லொறி அண்ணன் ஒரு சேதி கொண்டுவந்தார். கொழும்பில் ஒரு கம்பெனிக்கு மென்பந்து அணி இருக்கிறதாம். வேகமாகக் கடைசி ஓவர் போடுகிற வலது கைக்காரனைத் தேடுகிறார்களாம். எடுத்தால் கம்பெனியிலேயே வேலை, இருக்க இடம். அந்த அணியின் மனேஜர் எங்கள் திருவிழாப் போட்டியின் இறுதி ஆட்டத்தைப் பார்க்க வருகிறார்.

"ஒரே ஒரு ஓவர்டா. நீ வழக்கமா போடுறதப் போடு. புள்ளைக்கு நெஞ்சுச் சளி போன மாதிரிதான்" என்றார்.

கொஞ்சம் பாருங்கள், அங்கேதான் சிக்கல். எங்கள் ஊரில் திருவிழாப் போட்டியை, காப்புக் கட்டிய பிறகு வருகிற ஞாயிற்றுக்கிழமைதான் வைப்பார்கள். கொழும்பில் வேலை செய்கிறவர்கள் எல்லாம் அப்போதுதான் வந்திருப்பார்கள். நான் இறுதி ஆட்டத்துக்கு முன்னமே காப்புக் கட்டியாகிவிட்டது. மஞ்சள் நூலில் ஒரு மஞ்சள் கிழங்குத் துண்டு. வலது மணிக்கட்டில் பூசாரி இறுக்கிக் கட்டியிருந்தார். தீ மிதித்து முடிகிறவரை அதை அவிழ்க்கக் கூடாது, தோட்டத்து எல்லையையும் தாண்டக் கூடாது. ஆட்டம் எங்கள் மைதானத்திலேயே நடப்பதால் எல்லையைப் பற்றிக் கவலை இல்லை. காப்பைப் பற்றியோ யாருமே யோசிக்கவில்லை, நான் உட்பட.

அன்றைக்கு நோட்டன் பிரிட்ஜ் பக்கத்து அணியோடு ஆட்டம். மைதானத்தைச் சுற்றி மேட்டில் சனம். கோயில் லவுட்ஸ்பீக்கரையே மைதானத்துக்கும் இழுத்துவிட்டிருந்தார்கள், அதனால் வர்ணனைக்கு நடுவில் அம்மன் பாட்டும் வந்தது. மனேஜர் ஒரு கறுப்புக் குடையோடு மேட்டில் உட்கார்ந்திருந்தார். அவருக்குக் கொஞ்சம் தள்ளி புஷ்பா, பிள்ளையைத் துவாயில் சுற்றி இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள்.

நாங்கள் முதலில் ஆடிவிட்டோம். அவர்கள் அடித்துக்கொண்டே வந்தார்கள். நான் எல்லைக்கோட்டில், குளிரில், இரண்டு கையையும் அக்குளுக்குள் வைத்துச் சூடாக்கிக்கொண்டு நின்றேன். நம் தொழிலில் பாதிக்கு மேல் இந்தக் காத்திருப்புத்தான் என்பதை மனசில் வையுங்கள். மற்றவர்கள் விடுகிற தப்பையெல்லாம் எண்ணிக்கொண்டு நின்றால் உங்கள் முறை வரும்போது உங்களுக்குள் ஒன்றும் மிச்சம் இருக்காது. நான் அப்போதெல்லாம் மனசுக்குள் அம்மன் பாட்டுத்தான் பாடிக்கொண்டு நிற்பேன்.

கடைசி ஓவர் வந்தது. அவர்கள் ஜெயிக்க ஒன்பது ஓட்டம் வேண்டும். பனி இறங்க ஆரம்பித்து மைதானத்தின் கீழ்ப்பாதி வெள்ளையாகிவிட்டது. லவுட்ஸ்பீக்கர் கத்தியது: "வர்றார் பாருங்க, நம்ம ஸ்டோர் அடுப்பு! இன்னைக்கு நோட்டன்காரங்களைக் காயவச்சு, சலிச்சு, மூட்டை கட்டி அனுப்பப் போறார்!"

ஓடத் தொடங்கினேன். பாதி தூரத்தில் மட்டையோடு நின்றவர் கையைத் தூக்கி விலகிவிட்டார். அவர்தான் எதிரணி கேப்டன். நல்ல உயரம், மரியாதையான ஆள்.

"அண்ணே, மன்னிச்சுக்கங்க. எனக்கும் மாரியம்மாதான் கொலதெய்வம். ஆனா பந்தும் மஞ்சள், ஒங்க கையில ஆடுற கெழங்கும் மஞ்சள். இந்தப் பனியில ரெண்டும் சேந்து பறந்து வருது. எதை அடிக்கிறது நான்?"

மைதானமே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஏனென்றால் அவர் சொன்னது உண்மை. நடுவராக நின்றவர் பக்கத்துப் பள்ளிக்கூட மாஸ்டர். என் மணிக்கட்டைப் பார்த்தார், பந்தைப் பார்த்தார்.

"அவர் சொல்றதுல ஞாயம் இருக்குப்பா. கழட்டிட்டுப் போடு. இல்லாட்டி வேற ஆள் போடட்டும்."

"ஸ்வெட்டர் கைய இழுத்து மூடிடலாம் மாஸ்டர்" என்றார் லொறி அண்ணன்.

"அது எப்படி? பந்து போடுற கை முழங்கை வரைக்கும் தெரியணும்னு நீங்கதானே சட்டம் போட்டீங்க? போன வருஷம் முழங்கைய மடக்கி எறியிறான் எறியிறான்னு அடிதடி நடந்தது மறந்துருச்சா?"

அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்ததே எங்கள் லொறி அண்ணன்தான்! அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

அதற்குள் மேட்டில் ஊர் இரண்டாகப் பிரிந்துவிட்டது. "அவுத்துட்டுப் போடுப்பா, ஆட்டம் முடிஞ்சு கட்டிக்கலாம்! ஆத்தா கோவிச்சுக்க மாட்டா!" என்று ஒரு பக்கம். "அவுத்துப் பாரு, லயத்துப் பக்கம் வந்துராத!" என்று இன்னொரு பக்கம். லொறி அண்ணன் என் காதோடு சொன்னார்: "டேய், குடைக்காரர் பாக்க வந்தது ஒன்னைய. வேற ஆள்கிட்டப் பந்தக் குடுத்தா அவர் எந்திரிச்சுப் போயிருவார். நான் ஒன்னும் சொல்லல. நீயே முடிவெடு."

பிள்ளை எழுந்ததற்காகக் கட்டினது அந்த நூல். பிள்ளை இனி விழாமல் இருப்பதற்காக அந்த ஓவர். இரண்டும் அவளுக்காகத்தான். நான் எதை விடுவேன்? மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு மேட்டைப் பார்த்தேன். புஷ்பா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவ்வளவு கூட்டத்தில், பூசாரியும் கங்காணியும் நிற்கிற இடத்தில், பிள்ளையை ஒரு இடுப்பில் இருந்து மறு இடுப்புக்கு மாற்றிவிட்டு, இடது கையைத் தூக்கி அவள் கத்தினாள்:

"ஏங்க! பீச்சாங்கையால போடுங்க!"

மேடே இடிந்து விழுகிற மாதிரி சிரிப்பு. லவுட்ஸ்பீக்கர்காரன் விழுந்து விழுந்து சிரித்ததில் அவனுக்குப் பேச்சே வரவில்லை.

விஷயம் இதுதான். முந்தின வருஷம் அடுப்பில் என் வலது உள்ளங்கை வெந்து பல வாரம் கட்டுப்போட்டிருந்தேன். அப்போது பிள்ளைக்கு விளையாட்டுக் காட்ட லயத்து வாசலில் இடது கையால் பந்து போடுவேன். மெதுவாக, வளைந்து, பூ விழுகிற மாதிரி விழும். ஆட்டத்தில் ஒரு நாளும் போட்டதில்லை. ஆனால் அவள் கத்தினபோது எனக்கு ஒன்று பட்டது. பந்து பனியில் ஊறிக் கனத்திருக்கிறது. தரை ஈரம். வேகமாக வரும் என்று தயாராகி நிற்கிற ஆளுக்கு மெதுவாகப் போனால் என்ன?

"மாஸ்டர், எடது கை" என்றேன். சட்டப்படி சொல்ல வேண்டும்.

"நெசமாத்தானா?" என்றார்.

முதல் பந்து கீப்பருக்கும் எட்டாமல் வெளியே போனது. வைட். லவுட்ஸ்பீக்கர்: "பந்து டயகம பஸ்ஸுல ஏறிருச்சு!" அடுத்தது சரியாக விழுந்தது. எதிரணி கேப்டன் வேகம் வரும் என்று நினைத்துச் சுழற்றி முடித்து, உடம்பே திரும்பி நின்ற பிறகுதான் பந்து அவரைத் தாண்டிப் போனது. சிரிப்பு இப்போது அவர் பக்கம்! அதற்கடுத்ததை நின்று பார்த்து அடித்தார், நான்கு. பிறகு இரண்டு. இனி இரண்டு ஓட்டம் எடுத்தால் அவர்களுக்கு வெற்றி. ஒன்று எடுத்தால் சமம். நான் இன்னும் மெதுவாகப் போட்டேன். அந்த இடத்தில் பயந்து வேகத்தைக் கூட்டினால் செத்தோம், தம்பிமார்களே. அடி விழுந்ததும் பழக்கமானதற்கு ஓடத்தான் கை தேடும். ஓடாதீர்கள். நான் எடுத்த முடிவில் நின்றேன். அடுத்த இரண்டு பந்துக்கும் அவர் மட்டை வெறுங்காற்றைத்தான் அடித்தது.

கடைசிப் பந்து. கோயில் பாட்டு பனிக்குள் எங்கேயோ ஓடிக்கொண்டிருந்தது. போட்டேன். அவர் இந்த முறை பொறுமையாகத் தட்டினார். பந்து ஈரத் தரையில் உருண்டு, எனக்கும் அவருக்கும் நடுவில் செத்து நின்றது. "ஓடு! ஓடு!" என்று அவர் கத்துகிறார். எதிர்முனையில் நின்றவன் என்னைத் தாண்டி ஓடுகிறான். நானும் ஓடினேன். குனிந்தேன். எந்தக் கை எடுத்தது என்று கேட்கிறீர்களா? வலது கைதான்! பந்து போடுகிற கைக்குத்தான் சட்டம், எடுத்து எறிகிற கைக்கு எந்தச் சட்டமும் இல்லை! "அண்ணே, விலகுங்க!" என்று லொறி அண்ணனிடம் கத்திக்கொண்டே காப்புக் கையால் ஸ்டம்பைப் பார்த்து விட்டேன். நடு ஸ்டம்பு பிடுங்கிக்கொண்டு பறந்தது. ஓடி வந்தவன் இன்னும் ஒரு எட்டு வெளியே. மாஸ்டர் விரலைத் தூக்கிவிட்டார்.

அதற்குப் பிறகு யார் யாரைத் தூக்கினார்கள் என்று தெரியாது. தப்பு அடிக்கிறவர்கள் வந்துவிட்டார்கள். மேளம் வந்துவிட்டது. எதிரணி கேப்டனே என்னைக் கட்டிப்பிடித்து, "ஆத்தா ஒரு கையக் கட்டிப்போட்டா, நீங்க ரெண்டு கையாலயும் அடிச்சுப்புட்டீங்களேண்ணே" என்றார்.

ஆனால் என் கண் குடையைத் தேடியது. மனேஜர் இறங்கி வந்தார். சிங்களத்தில்தான் பேசினார். "நல்ல ஆட்டம். ஆனா நான் பாக்க வந்தது இந்தக் கையை இல்ல. எங்களுக்கு வேணும்கிறது வேகமான வலது கை. அதுல ஒரு பந்துகூட நான் பாக்கலையே. நாளைக்குக் காலையில ஹட்டனுக்கு வந்து போட்டுக் காட்டு. இன்னும் ரெண்டு பேரைப் பாக்கப் போறேன்."

"மாத்தயா, தீ மிதிக்கிற வரைக்கும் எல்லை தாண்டக் கூடாது" என்றேன்.

"அப்ப கஷ்டம்தான்" என்று சொல்லிவிட்டு வேனில் ஏறிப் போய்விட்டார். லொறி அண்ணன் கீப்பர் கையுறையைக்கூடக் கழற்றாமல் வேனுக்குப் பின்னால் ஓடினார். வளைவில் நிறுத்தி என்னவோ பேசினார். திரும்பி வந்தபோது, "என்னண்ணே?" என்று கேட்டேன். "ஒன்னுமில்ல. போய்க் கஞ்சியக் குடி" என்றார்.

கோப்பை எங்கள் லயத்துக்கு வந்தது. நான் சிரித்துக்கொண்டே நின்றேன், உள்ளே பற்றி எரிந்தது. சாயங்காலம் அடுப்புப் பற்றவைத்ததும் பிள்ளை இருமத் தொடங்கினாள். புஷ்பா அவளைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனாள். நான் ஆத்தாவிடம் சண்டைகூடப் போட்டேன். "ஒன் நூலத் தொடல. நீ என்ன செய்யப்போற?" என்று கேட்டேன். பக்தனுக்கு அந்த உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

தீ மிதிப்பு நாள் வந்தது. பொழுது சாய்கிற நேரம், பிள்ளையைத் தோளில் வைத்துக்கொண்டு பூக்குழியில் இறங்கினேன். மறுகரை ஏறியதும் பூசாரி மணிக்கட்டைப் பிடித்துக் காப்பை அவிழ்த்தார். நிமிர்ந்தால், கூட்டத்துக்குள் அந்தக் கறுப்புக் குடை! பக்கத்தில் லொறி அண்ணன், ஒன்றும் தெரியாதவர் மாதிரி வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

மனேஜர் என் வெறும் மணிக்கட்டைக் காட்டினார். "நூல் போயிருச்சா? இப்ப போடலாமா?"

"இப்பவா மாத்தயா?"

"எங்க அம்மாவும் கதிர்காமத்துக்கு நேர்ந்தவதான். அதனாலதான் காத்திருந்தேன். ஆனா இனி வேற நாள் கெடையாது."

லயத்து வாசல் ரோட்டில் ஸ்டம்புக்குப் பதிலாக ஒரு பெயின்ட் வாளியைக் கவிழ்த்து வைத்தார்கள். என் உள்ளங்கால் சிவந்து காந்துகிறது. தீ மிதித்தால் சுடவே சுடாது என்பார்கள், எனக்குச் சுட்டது, சொல்லிவிடுகிறேன். நீண்டு ஓடிவர முடியாது. நாலு எட்டு வைத்துத் தோளின் பலத்தில் மட்டும் போட்டேன். முதல் பந்து வாளிக்குப் பக்கத்தில் போனது. இரண்டாவது வாளியின் விளிம்பில். மூன்றாவது வாளியைத் தூக்கி ரோட்டோரச் சாக்கடைக் கானுக்குள் போட்டது. மஞ்சள் சேலைக்காரப் பெண்களெல்லாம் குலவை போட்டார்கள்! பிள்ளை மட்டும் புஷ்பாவின் தோளில் இருந்து, "அப்பா, பீச்சாங்கையால போடுப்பா!" என்று அழுதாள். அவளுக்குத் தெரிந்த விளையாட்டு அதுதானே.

மனேஜர் சிரித்துவிட்டார். "போதும், காலுக்கு மருந்து போடு. அடுத்த மாசம் புள்ளையையும் கூட்டிட்டு வா" என்றார்.

போனோம். பெயருக்குக் கம்பெனிக் கிடங்கில் வேலை, உண்மையில் பந்து போடுகிற வேலை. தோள் கழன்று போகிறவரை அந்த அணிக்குக் கடைசி ஓவர் போட்டேன். ஜெயித்ததும் உண்டு, அடி வாங்கிவிட்டுச் சாப்பிடாமல் படுத்ததும் உண்டு. மது இப்போது ஒரு பிள்ளைக்குத் தாய். நெஞ்சுச் சளி அதன்பின் அவளைப் பெரிதாக அண்டவில்லை.

நான் மறுபடி மலைப்பக்கமே, ஹட்டனுக்கு வந்துவிட்டேன். இங்கே கடைத்தெருவில் இந்தக் கதை எப்படியெல்லாம் ஓடுகிறது தெரியுமா? காப்பு பனிக்குள் விளக்கு மாதிரி எரிந்ததாம். அம்மன் பந்தைப் பிடித்துத் திருப்பி ஸ்டம்பில் அடித்தாளாம். இடது கையால் ஆறு பந்துக்கு ஆறு விக்கெட்டாம்! அதைக் கேட்டுவிட்டுப் பந்தை வாங்குகிற ஒரு பிள்ளைக்கு, விளக்கு எரியாதபோது கை ஓடாது. அதனால் கேட்டுக்கொள்கிறேன், இதை அடுத்தவருக்குச் சொல்லுங்கள், கட்டாயம் சொல்லுங்கள், ஆனால் எழுதினபடியே சொல்லுங்கள். வைட் போனதையும் விடாதீர்கள். நான்கு ஓட்டம் கொடுத்ததையும் விடாதீர்கள். கால் சுட்டதையும் சொல்லுங்கள். ஆத்தா எனக்கு என் பிள்ளையைக் கொடுத்தாள். ஸ்டம்பை நான்தான் அடித்தேன்.